"நாங்க தோக்கவே இல்லையே சார்"

ஒரகடம் கூட்டுரோட்டின் பழைய நாட்களைப் பற்றிப் போன மாதம் எழுதியதைப் படித்துவிட்டு, "அடுத்து என்ன?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இந்த முறை ஹாக்கி. தாலுகா அலுவலகத்தில் கோப்பு கட்டிக்கொண்டிருந்தவனுக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். எனக்கு அதில் ஒரு பழைய கடன் இருக்கிறது.

நம் பக்கத்தில் இப்போது மாடிப் போர்ஷன் இல்லாத வீடு கிடையாது. அந்தப் போர்ஷனில் வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள் நான்கு பேர் இல்லாமலும் இருக்காது. என் வீட்டு மாடியில் இருப்பவர்களில் ஒருவன் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துப் பையன். திலீப் திர்க்கே பிறந்த மாவட்டம். அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே மூங்கிலை வளைத்து ஹாக்கி மட்டை செய்துகொள்வார்களாம். 2025 ஜனவரியில் ஒரு நாள் இரவு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் படிக்கட்டில் உட்கார்ந்து செல்போனில் ஹாக்கி இந்தியா லீக் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டம் அவன் ஊருக்குப் பக்கத்தில், ரூர்கேலாவில். என்னைப் பார்த்ததும் கேட்டான்: "அங்கிள், மேட்ச் டிரா. ஆனா ஒரு டீமுக்கு ரெண்டு பாயின்ட், இன்னொரு டீமுக்கு ஒண்ணு. டிரான்னா சமம்தானே?"

"ஷூட்-அவுட் வச்சாங்க இல்ல, அதில் ஜெயிச்சவனுக்கு ஒண்ணு கூட" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. 1979-ல் ஒரு மைதானத்தில் வேறொரு பையன் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்துவிட்டது.

முன்பே சொல்லியிருக்கிறேன், நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழிப் பள்ளியில். எங்கள் வாத்தியார் 'ஹாக்கி' என்று சொல்லமாட்டார், 'ஒக்கே' என்பார். பிரெஞ்சுக்காரர்களுக்கு 'ஹ' வராது. அப்பா காலமான பிறகு அம்மாவின் ஊரான இந்தப் பக்கம் வந்து, தேர்வு எழுதி, அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் ஆனேன். இன்றும் மனதுக்குள் கூட்டல் போடும்போது பிரெஞ்சில்தான் போடுவேன். எண்பதுக்கு அவர்கள் 'கத்ரு-வேன்', அதாவது நாலு இருபது என்பார்கள். அப்படிச் சுற்றிவளைத்துக் கணக்குப் போட்டுப் பழகியதாலோ என்னவோ, கூட்டல் வேலை எதுவானாலும் அலுவலகத்தில் என் மேசைக்கே வரும்.

அப்படித்தான் 1979-ல் எங்கள் ஊழியர் மனமகிழ் மன்றம் நடத்திய பொங்கல் ஹாக்கிப் போட்டிக்கு விதிகள் எழுதும் வேலையும் வந்தது. ஒரு பள்ளி மைதானத்தை வாங்கியிருந்தோம். பழைய போட்டி ஒன்றின் நோட்டீஸைப் பார்த்து, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுத்தேன். வென்றால் 2 புள்ளி, டிரா என்றால் ஆளுக்கு 1, தோற்றால் இல்லை. பிரிவுக்கு நான்கு அணிகள், முதல் இரண்டு அரையிறுதிக்கு. புள்ளி சமமானால் கோல் வித்தியாசம். அன்று உலகம் முழுக்க இருந்த விதிதான். எதையும் நானாகச் சேர்க்கவில்லை.

எங்கள் பிரிவில் ஒரு மில் அணி, ஒரு கல்லூரி அணி, ஏரிக்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பையன்கள், பிறகு எங்கள் மன்ற அணி. எங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மில் அணியிடம் 0-4, கல்லூரியிடம் 0-5. கிராமத்துப் பையன்களிடம் மட்டும் 0-1, ஏனென்றால் எங்கள் கோல்கீப்பர் தன் ஆயுளிலேயே அன்று ஒரு நாள்தான் ஒழுங்காக ஆடினார். அந்தப் பையன்களில் பாதிப் பேருக்குக் காலில் ஷூ கிடையாது. ஆனாலும் மில் அணியோடு 1-1, கல்லூரியோடு 0-0.

கடைசி ஆட்டத்துக்கு முன் என் பலகையில் இருந்த கணக்கு இது: கிராமத்துப் பையன்கள் மூன்று ஆட்டமும் முடித்து 4 புள்ளி, கோல் வித்தியாசம் 1. மில் 3 புள்ளி, வித்தியாசம் 4. கல்லூரி 3 புள்ளி, வித்தியாசம் 5. மிச்சம் இருப்பது மில்லுக்கும் கல்லூரிக்குமான ஆட்டம். யார் வென்றாலும் தோற்றவர் 3 புள்ளியோடு நிற்பார், பையன்கள் அரையிறுதிக்குப் போவார்கள். டிரா ஆனால் மூவருக்கும் 4 புள்ளி. கோல் வித்தியாசத்தில் பையன்கள் வெளியே.

பலகையை எல்லாரும் பார்த்தார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன் பையன்களின் கேப்டன் என்னிடம் வந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். "சார், டிரா ஆனா பெனால்டி ஸ்ட்ரோக் வச்சு யாராச்சும் ஒருத்தர் ஜெயிக்கற மாதிரி செய்யலாம் இல்லையா?" என்று கேட்டான். கமிட்டியில் இருந்த பெரியவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சைக்ளோஸ்டைல் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "விதியில் இல்லை தம்பி" என்றேன்.

அன்று நடந்த ஆட்டத்தை ஆட்டம் என்று சொல்ல முடியாது. எழுபது நிமிடமும் பந்து நடு மைதானத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. வேடிக்கை பார்த்தவர்கள் முதலில் சத்தம் போட்டார்கள், பிறகு கடலைக்காய் வாங்கப் போய்விட்டார்கள். 0-0. மறுநாள் அரையிறுதியைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் அலுவலக அணிக்கு ஆள் எடுப்பவர் வந்திருந்தார். அந்தக் காலத்தில் ஹாக்கி ஆடுகிற ஏழைப் பையனுக்கு அரசு வேலை கிடைக்க இருந்த ஒரே வழி அதுதான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மில் அணியிலிருந்து ஒருவரை எடுத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது அந்தக் கேப்டன் என் மேசைக்கு முன்னால் நின்றான். கோபமாகக்கூட இல்லை. "நாங்க தோக்கவே இல்லையே சார்" என்றான். அவ்வளவுதான். என்னிடம் பதில் இல்லை.

மூன்று வருடம் கழித்து, 1982 ஜூன் 25 அன்று, ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் உலகக் கோப்பைக் கால்பந்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. முந்தைய நாளே அல்ஜீரியா தன் ஆட்டங்களை முடித்துவிட்டது. அல்ஜீரியா ஜெர்மனியையே 2-1 என்று வென்றிருந்த அணி. ஜெர்மனி ஒன்றோ இரண்டோ கோல் வித்தியாசத்தில் வென்றால் இரண்டு ஐரோப்பிய அணிகளும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி கோல் போட்டது. மிச்ச நேரமெல்லாம் எங்கள் பள்ளி மைதானம்தான்! புதுச்சேரியில் என் மாமா ஒருவர் சொல்தா, பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். அல்ஜீரியாவுக்காகக் கொதித்துப்போய் நான்கு பக்கம் கடிதம் எழுதியிருந்தார். படித்த எனக்குக் கொதிப்பு வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் உலகக் கோப்பையில் ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கும் வழக்கம் வந்தது. எங்களிடம் இருந்தது ஒரே மைதானம், அதுவும் முடியாது.

இனி கணக்குக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு இதை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஓர் ஆட்டத்துக்கு மொத்தம் எத்தனை புள்ளி செலவாகிறது என்று பாருங்கள். நம் அலுவலக பட்ஜெட் போலத்தான்.

பழைய முறையில் வெற்றிக்கு 2, டிராவுக்கு ஆளுக்கு 1. ஆட்டம் எப்படி முடிந்தாலும் செலவு 2 புள்ளிதான். இருவரும் சமாதானமாகப் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கிலாந்துக் கால்பந்து லீகில் 1981-ல் வெற்றிக்கு 3 புள்ளி என்று மாற்றினார்கள். 1994 உலகக் கோப்பையில் அதுவே வந்தது, ஹாக்கியும் பின்னால் அந்த வழிக்குப் போனது. இதில் யாராவது வென்றால் செலவு 3, டிரா என்றால் 2. மிச்சம் ஒரு புள்ளி, மார்ச் மாதம் நாம் செலவழிக்காத நிதியை சரண்டர் செய்வது போல, யாருக்கும் இல்லாமல் போகிறது. அதனால் கடைசிப் பத்து நிமிடத்தில் இருவருக்கும் கொஞ்சம் துணிச்சல் வரும். ஆனால் என் 1979 பலகைக்கு இந்த மருந்து வேலை செய்யாது. பையன்கள் 5, மற்ற இருவரும் 4. டிரா ஆனால் மூவரும் 5. பழைய கதைதான்.

கனடா, அமெரிக்காவில் நடக்கும் ஐஸ் ஹாக்கி லீகில் வேறு கூத்து. என் பள்ளித் தோழர் ஒருவர் மான்ட்ரியலில் இருக்கிறார், அவர்தான் எனக்கு இதில் குரு. அங்கே வெற்றிக்கு 2. ஆட்டம் சமமாகி, கூடுதல் நேரத்தில் தோற்றவருக்கும் 1999-2000 பருவத்திலிருந்து 1 புள்ளி உண்டு. 2005-ல் ஷூட்-அவுட் வந்த பிறகு அதில் தோற்றவருக்கும் அப்படியே. அதாவது குறித்த நேரத்தில் முடிந்தால் செலவு 2, முடியாவிட்டால் 3. கூடுதல் ஒதுக்கீடு! கடைசி ஐந்து நிமிடத்தில் ஸ்கோர் சமமாக இருந்தால் இரண்டு அணிகளும் பத்திரமாக ஆடி, அந்த ஒரு புள்ளியைப் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் மோதுகின்றன என்பது அங்கே வெகுநாள் புகார்.

நம் ஹாக்கி இந்தியா லீக் 2013-ல் தொடங்கியபோது இன்னொரு கணக்கு. வெற்றிக்கு 5, டிராவுக்கு ஆளுக்கு 2, இரண்டு கோலுக்குள் தோற்றால் தோற்றவருக்கும் 1. இதில் ஒரு நல்லது இருந்தது. 0-3 என்று பின்தங்கிய அணி ஆட்டத்தைக் கைகழுவ முடியாது, ஒரு கோல் அடித்தாலே ஒரு புள்ளி. அந்த லீக் 2017-க்குப் பிறகு நின்றுபோய், 2024 டிசம்பரில் ரூர்கேலாவில் மறுபடி தொடங்கியது. இந்த முறை தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கும் ஓர் அணி. புள்ளி முறையும் மாறியது. வெற்றிக்கு 3. டிரா என்றால் ஷூட்-அவுட், அதில் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1. எப்படி முடிந்தாலும் செலவு மூன்றுதான். சரண்டரும் இல்லை, கூடுதல் ஒதுக்கீடும் இல்லை. தணிக்கைக்காரர் வந்தாலும் கேள்வி கேட்க முடியாத கணக்கு. மாடிப் பையன் கேட்டது இதைத்தான்.

இந்தக் கணக்கை 1979 பலகையில் போட்டுப் பார்த்தேன். கிராமத்துப் பையன்கள் தங்கள் இரண்டு டிராக்களில் ஒரு ஷூட்-அவுட்டையாவது வென்றிருந்தால், 'டிரா ஆனால் நம் இருவருக்கும் பத்திரம்' என்ற நிலையே மில்லுக்கும் கல்லூரிக்கும் இருந்திருக்காது. அந்தக் கேப்டன் கேட்டது இவ்வளவுதான். 45 வருடம் கழித்து ஒரு லீக் கண்டுபிடித்ததை ஷூ இல்லாத ஒரு பையன் அன்றே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

அவசரப்பட்டு இதையே சரியான விதி என்றும் சொல்லிவிட மாட்டேன். 1980 பொங்கலுக்கு நான் குற்றவுணர்ச்சியில் விதியை மாற்றினேன். டிரா ஆனால் ஆளுக்கு ஐந்து பெனால்டி ஸ்ட்ரோக், வென்றவருக்கு ஒரு புள்ளி கூடுதல். என்ன நடந்தது தெரியுமா? எங்கள் மன்ற அணி பதினொரு பேரையும் தன் கோல் பக்கமே நிறுத்திவைத்து, 0-0 என்று முடித்து, ஸ்ட்ரோக்கில் வென்றுவிட்டது. எங்கள் சரித்திரத்திலேயே முதல் வெற்றி. மைதானத்தில் பார்த்தவர்கள் எங்களைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறக்கிறது.

கோல் போடும் விதியும் இப்படித்தான். ஹாக்கியில் பெனால்டி கார்னர் என்பது பெரிய ஆயுதம். டிராக் ஃப்ளிக் தெரிந்த ஒருவன் இருந்தால் போதும், மற்ற பத்துப் பேரும் எதிராளியின் காலில் பந்தை மோதவிட்டு கார்னர் வாங்குவதையே வேலையாக வைத்துக்கொள்ளலாம். இதை மாற்ற 2016-ல் ஹாக்கி இந்தியா லீக் ஒரு புது விதி கொண்டுவந்தது: ஆட்டத்தின் போக்கில் போடும் ஃபீல்டு கோல் ஒன்றுக்கு இரண்டு கோல் கணக்கு. அந்த ஆண்டு ராஞ்சியில் நடந்த இறுதியாட்டத்தில் பஞ்சாப் அணி கலிங்கா அணியை 6-1 என்று வென்றது. ஸ்கோரை மட்டும் பார்த்தவர்கள் கலிங்காவை ஊதித் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். பஞ்சாப் போட்டது மூன்று ஃபீல்டு கோல், கலிங்கா போட்டது ஒரு பெனால்டி கார்னர். பழைய கணக்கில் 3-1. முன்னோக்கி ஆட ஆசை வந்தது உண்மை. ஆனால் ஒரே தவறில் இரண்டு கோல் போய்விடும் என்ற பயமும் கூடவே வந்தது. 2024-ல் லீக் திரும்பியபோது அந்த விதி திரும்பவில்லை.

மாறி நிலைத்தவையும் உண்டு. 1996-ல் சோதனையாக ஆஃப்சைடை எடுத்தார்கள், 1998-ல் நிரந்தரமாக்கினார்கள். எதிரணி கோலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆளை நிறுத்தலாம் என்றானதும் தடுப்பவர்கள் பின்னுக்குப் போக, நடுவில் இடம் விரிந்தது. 2005-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீகில் நம் சென்னை வீரன்ஸ் ஆடியது நினைவிருக்கும். அங்கே ஆட்டத்தை நான்கு பகுதியாக வெட்டினார்கள். பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு 2014-ல் உலக ஹாக்கி சங்கமே பதினைந்து நிமிடமாக நான்கு பகுதி என்று மாற்றிக்கொண்டது.

இதையெல்லாம் பெரிய மேடையில் அனுபவித்தவர் நம் வாசுதேவன் பாஸ்கரன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் அவர்தான் கேப்டன். ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் பல நாடுகள் புறக்கணித்ததால் ஆறே அணிகள். எல்லாரும் எல்லாரோடும் ஆடி, முதல் இரண்டு அணிகள் இறுதிக்கு. இந்தியா தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0 என்று வென்றது. போலந்தோடு 2-2, ஸ்பெயினோடு 2-2. இரண்டு டிரா இருந்தும் இறுதிக்குப் போய், ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம். அடுத்த 1984 லாஸ் ஏஞ்சலஸில் கடைசிப் பிரிவு ஆட்டம் மேற்கு ஜெர்மனியோடு 0-0. இருவருக்கும் புள்ளி சமம், கோல் வித்தியாசத்தில் ஜெர்மனி அரையிறுதிக்குப் போனது, நமக்கு ஐந்தாம் இடம். 2000 சிட்னியில் அதே பாஸ்கரன் பயிற்சியாளர். போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடியும் தறுவாயில் போலந்து சமன் செய்தது. இருபது வருடத்துக்கு முன் போலந்தோடு டிரா ஆனபோது தங்கம் கிடைத்தது, இப்போது வீடு திரும்பினோம்.

போன டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்தபோதும் இதையே பார்த்தேன். 24 அணிகள், ஆறு பிரிவு. பிரிவில் முதலிடம் வந்தவர்களோடு, இரண்டாம் இடக்காரர்களில் சிறந்த இருவரும் காலிறுதிக்கு. அப்படியானால் எத்தனை கோல் போட்டாய் என்பதும் கணக்கில் வந்துவிடும். இந்தியா ஓமனை 17-0 என்று வென்றது. "பத்து போட்ட பிறகாவது விடக்கூடாதா, பாவம்" என்று என் மனைவி கேட்டாள். விதி விடச் சொல்லவில்லையே. அதே இந்தியப் பிள்ளைகள் வெண்கல ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசிப் பகுதியில் நான்கு கோல் போட்டு 4-2 என்று வென்றார்கள். அன்று மாடியிலிருந்து வந்த சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது.

மறுநாள் அந்தப் பையனிடம் என் நோட்டுக் கணக்கைக் காட்டினேன். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "எங்க லைன்லயும் இப்படித்தான் அங்கிள். மாசம் முழுக்க லீவு போடலன்னா அட்டெண்டன்ஸ் போனஸ். அதனால ஜுரம் வந்தாலும் வந்துடுவாங்க. ரிஜெக்ட் ஆன பீஸை யாரும் கேக்கறதில்ல." எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். நான் நான்கு பக்கம் எழுதியதை அவன் மூன்று வரியில் சொல்லிவிட்டான். எதற்குக் காசு கொடுக்கிறார்களோ அதைத்தான் ஆள் செய்வான். எதற்குப் புள்ளி கொடுக்கிறார்களோ அதைத்தான் ஆட்டக்காரனும் ஆடுவான். மில் அணியையோ கல்லூரி அணியையோ நான் இன்று குறை சொல்லமாட்டேன். அவர்கள் நான் எழுதிக் கொடுத்த தாளைத்தான் ஆடினார்கள்.

முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் எத்தனையோ பேரிடம் "விதியில் இல்லை" என்று சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் விதியை எழுதியவர் வேறு எங்கோ இருப்பார், நான் சொல்பவன் மட்டும். அன்று எழுதியவனும் நான்தான், மாற்றியிருக்கக் கூடியவனும் நான்தான். மற்ற இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

அந்தக் கேப்டனுக்கு இப்போது அறுபத்தைந்து வயது இருக்கும். பெயரை அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பலகையில் ஊர்ப் பெயர்தான் எழுதியிருந்தேன். அந்த ஏரியில் பாதி இப்போது இல்லை, அந்த வழியாக ஆறுவழிச் சாலையும் கன்டெய்னர் லாரிகளும்தான் போகின்றன. இதைப் படிப்பவர்களில் 1979 பொங்கலுக்கு அந்தப் பள்ளி மைதானத்தில் ஆடியவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அவரைத் தெரிந்தவர் இருந்தால், நீங்கள் கேட்டது சரிதான் என்று அந்தக் கிளார்க் சொன்னதாகச் சொல்லுங்கள்.